மாதிரி அறையில் ஒரு மத்தியானத் தூக்கம்

“கண்ணைத் திறந்ததும் முதல்ல எது பட்டுச்சு? யோசிக்காம சொல்லு.”

“துண்டு.”

“எந்தத் துண்டு?”

“அதான், படியில மடிச்சு வெச்சிருக்கே, அது.”

“தண்ணி படலையா?”

“தண்ணி அப்புறம்தான்கா வந்துச்சு. முதல்ல துண்டு. யாரோ குளிக்க எறங்கியிருக்காங்க, இப்ப வந்துருவாங்கன்னு தோணுச்சு. சரி, வரட்டும்னு மறுபடி கண்ணை மூடிக்கிட்டேன்.”

“மூடிக்கிட்டு?”

“தூங்கிட்டேன்.”

“அடிப்பாவி! நான் வெளிய ஸ்டூல்ல உக்காந்து கொசு அடிச்சுக்கிட்டிருக்கேன், நீ ரெண்டாவது ஆட்டமும் பாத்துட்டுத்தான் எழுந்திருக்கியா?”

கேட்டவள் ஓவிய ஆலோசகர். எந்தச் சுவருக்கு எந்தப் படம் என்று சொல்வது அவள் பிழைப்பு. நெடுநெடுவென்று உயரம், ஒல்லி, உச்சியில் இறுக்கி முடிந்த கொண்டை. போதாததற்கு எப்போதும் உதட்டோரத்தில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள். வேலை நடக்கும் இடங்களில் எல்லாரும் அவளை ஆணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அந்தப் பெயரில் உள்ளூர ஒரு பெருமை. கட்டிலில் பாதி எழுந்து உட்கார்ந்து, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடத்தோடு பதில் சொன்ன இவள் உள் அலங்கார வடிவமைப்பாளர். ஆசாரியிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் டிசைனரம்மா.

இருவரும் இருந்தது ஒரு விடுதி அறை. ஆனால் விடுதி இன்னும் கட்டி முடியவில்லை. ஒரு காலத்தில் காகித உருளைகளை அடுக்கி வைத்திருந்த பெரிய தகரக் கிடங்குக்கு நடுவே, மேசைமேல் வைத்த தீப்பெட்டி போல, அந்த ஒரு அறை மட்டும் தனியாக நின்றது. கட்டப்போகும் அறைகள் எப்படி இருக்கும் என்று முதலாளி தொட்டுப் பார்ப்பதற்காகச் செய்த மாதிரி அறை. கட்டில் உண்டு, அலமாரி உண்டு, திருகினால் தண்ணீர் வராத குழாய் உண்டு. ஜன்னலும் உண்டு. திரைச்சீலையை விலக்கினால், அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆகாயப் புகைப்படமும் அதற்குப் பின்னால் மஞ்சள் விளக்குகளும். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அந்த ஜன்னலில் சாயங்காலம் நாலு மணிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டுப்பாடம் எழுத உட்காருவதற்கு முன்னால் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்து வெளிச்சம். வெளியே கிடங்கின் உத்தரத்தில் புறாக்கள் இருந்தன. அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால் அவை வேறு ஏதோ ஊரில் குமுறுவது போலக் கேட்கும்.

படத்தை இப்படித் தூங்கித் தேர்ந்தெடுப்பது ஆணியக்காவின் வழக்கம். வேறு யாரும் செய்து இவள் பார்த்ததில்லை.

“வீட்டுக்குப் படம் வாங்குறவங்க நின்னு பாப்பாங்க,” என்று முதல் நாளே ஆணியக்கா விளக்கம் சொல்லியிருந்தாள். “ஹோட்டல்ல எவன் நின்னு பாக்கறான்? பொட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் படுத்துருவான். படத்தைப் பாக்கறது எப்போ? முழிக்கறப்போ. எந்த ஊர்ல இருக்கோம், எதுக்கு வந்தோம், ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அந்த நேரத்துல எதிர்ல இருக்கற படம் அவனை மிரட்டவும் கூடாது, கொஞ்சவும் கூடாது. அதை நின்னுக்கிட்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒருத்தர் தூங்கணும்.”

“நீங்களே தூங்குங்களேன்.”

“ஆணி படுத்தா வளைஞ்சுரும்டி. நீ படு.”

அப்படித்தான் இவள் மத்தியானங்களில் வேலை நேரத்திலேயே படுத்துத் தூங்க வேண்டியவள் ஆனாள். முதலில் மாட்டியது ஒரு மணல்வெளி. இவள் கண் கொட்டாமல் கிடந்துவிட்டு, “ஒட்டகம் எங்கன்னு தேடிக்கிட்டே இருந்தேன்,” என்றாள். அடுத்தது சுவரை அடைத்த ஒரு சிவப்புப் பூ. “யாரோ திட்டிக்கிட்டே இருக்கற மாதிரி இருந்துச்சு.” இரண்டையும் ஆணியக்கா மறுபேச்சில்லாமல் கழற்றிப் போர்வையில் சுற்றினாள்.

மூன்றாவதாக வந்ததுதான் இந்தப் படிக்கட்டு. வெளிறிய பச்சைத் தண்ணீருக்குள் இறங்கிப் போகும் கல் படிகள். மேல் படிகள் காய்ந்திருக்கும். கீழே போகப்போக ஈரம். அப்புறம் தண்ணீருக்குள் ஒரு படி மங்கலாகத் தெரியும். அதற்குக் கீழும் படி உண்டு என்று நாம்தான் நம்பிக்கொள்ள வேண்டும். ஆள் யாரும் இல்லை. ஈரத்துக்கு எட்டாத ஒரு படியில் மடித்து வைத்த வெள்ளைத் துண்டு மட்டும். படம் வந்த அன்று காலையில்தான் ஆசாரி அறைக்கு மேல்கூரை போட்டு முடித்திருந்தார். அதுவரை அறை மேலே திறந்து கிடந்தது. தகரத்தின் வெக்கை உள்ளே இறங்காமலிருக்க வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளைப் பரப்பி, அதற்குக் கீழே வெள்ளைப் பூச்சு. படத்தையும் மாட்டி, விளக்கைத் தணித்து, ஆணியக்கா வெளியே போனாள்.

இவள் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். தூக்கத்துக்குள் அந்தப் படிகளிலேயே இறங்கினாள். கணுக்கால்வரை வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்காலுக்கு வந்தபோது பேச்சு நின்றுபோனது. அதுவரை தான் யாரோடோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. இடுப்புக்கு வந்தபோது தன் பெயர் மறந்தது. அது பயமாக இல்லை. கழற்றி வைத்த செருப்பைப் போல அந்தப் பெயர் மேலே எங்கோ பத்திரமாக இருக்கும் என்று தோன்றியது.

தூக்கம் இவளுக்குச் சாதாரண விஷயம் இல்லை. மாதக்கணக்காக இவள் சரியாகத் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தது பெரிதில்லை. கை தவறு செய்யத் தொடங்கியதுதான் பெரிது. இந்த விடுதிக்கே கட்டிலோரச் சிறுமேசைகளை வரைந்து கொடுத்திருந்தாள். பட்டறையிலிருந்து முதல் தவணை வந்து இறங்கியபோது, எல்லாவற்றிலும் இழுப்பறை சுவரைப் பார்த்துத் திறந்தது.

“டிசைனரம்மா,” என்று முதலாளி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். “இது யாருக்கு? சுவத்துக்குள்ள குடியிருக்கறவனுக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. ஆட்கள் போன பிறகு, “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்க வேண்டியதுதாம்மா,” என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. தனியாக வேலை தொடங்கி இவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில், கம்பியைப் பிடித்து நின்றபடி இவள் நினைத்துக்கொண்டாள்: எனக்கு வேலை தெரியாமல் இல்லை, எனக்குத் தூக்கம்தான் இல்லை. தூக்கம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

இப்போது ஒரு படத்தின் எதிரே அது வந்திருக்கிறது. விடுவாளா?

“இன்னொரு மத்தியானம் பாத்துட்டுச் சொல்றேன்கா,” என்றாள் மறுநாள்.

“நேத்துதான் பாத்தியே.”

“உறுதி பண்ணிக்கணும்ல.”

அதற்கடுத்த நாளும் உறுதி பண்ணிக்கொண்டாள். ஆணியக்கா வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சட்டங்களுக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. தான் கொண்டு வந்த படம் ஒருத்தியை இப்படித் தூங்க வைக்கிறது என்பதில் மனம் குளிர்ந்து போயிருந்தாள். குளிர்ந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா என்றால், இல்லை. முதலாளியிடம் போய், “தூக்கம் குடுக்கற படம் சார்,” என்று அளந்துவிட்டாள். முதலாளிக்குத் தங்கக் குதிரைகள் பாய்ந்து வரும் படம் ஒன்றின்மேல் கண் இருந்தது.

“குதிரைன்னா ஒரு கம்பீரம் இருக்கும்லம்மா.”

“கண்ணெதிர்ல குதிரை ஓடினா எவன் சார் தூங்குவான்? காலைல எழுந்து கொள்ளு கேப்பான்.”

முதலாளி யோசித்தார். தூக்கம் கொடுக்கும் படம். அச்சுப் பிரதி எல்லா அறைக்கும், அசல் வரவேற்புக் கூடத்துக்கு. விளம்பரத்துக்குக்கூட ஆகும். “சரி, நானே வந்து படுத்துப் பாக்கறேன்,” என்று வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார். படுத்துப் பார்த்துச் சரி என்றுவிட்டால் மாதிரி அறைக்கு வேலை முடிந்தது. பிரித்துவிடுவார்கள்.

அதனால்தான் இவள் புதன்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தாள்.

“அக்கா, படத்தை இன்னிக்கு ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டா? வேற சுவத்துல எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

“படம்தான் வேணுமா, இல்ல கட்டிலையும் சேத்து அனுப்பட்டுமா?” என்றாள் ஆணியக்கா. ஆனால் தானே போர்வையில் சுற்றி, மூலைகளுக்கு அட்டை வைத்து, வாடகை வண்டி பிடித்து ஏற்றிவிட்டாள்.

வீட்டில் இவளும் அம்மாவும் மட்டும். அம்மா ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். பணிக்காலம் முழுக்க ராத்திரி டியூட்டி. கேட்டு வாங்கிக்கொண்ட டியூட்டி. பகலில் மகளுக்குச் சமைத்துப்போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்ப முடியுமே என்று. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, உடம்புக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பகல் முழுக்கப் பூனை மாதிரி சுருண்டு தூங்குவாள். பொழுது சாயும்போது எழுந்து, முகம் கழுவி, தலை வாரிப் பின்னி, டியூட்டிக்குக் கிளம்புகிறவளைப் போலக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விழுந்த இடத்திலிருந்தே மகளுக்குப் போன் போட்டிருக்கிறாள். மகள் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், துளைபோடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் பையில் கிடந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. “டியூட்டில இருக்கறப்ப யாருடி போன் எடுப்பா?” என்றுதான் சொன்னாள். இப்போது நடக்க உதவும் இரும்புச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அன்றிலிருந்து இவள் காது மூடவில்லை. எங்கே போனாலும் போன் கையில், படுத்தால் தலையணைக்கு அடியில்.

படத்தைச் சுவரில் மாட்டி முடித்தபோது, அம்மாவின் நடைச்சட்டம் தரையில் தட்டும் சத்தம் வந்தது. அம்மா மூச்சு வாங்க வாசற்படியில் நின்று படத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாசி புடிச்ச படி மாதிரி இருக்கே பாப்பா. வழுக்குனா இடுப்பு என்னாகறது?”

“அம்மா, அது படம்.”

“படம்தான். துண்டு மட்டும் இருக்கு, ஆளைக் காணோம். என் வார்டா இருந்தா இந்நேரம் தேட ஆள் அனுப்பியிருப்பேன்.”

“குளிச்சுட்டு வருவாங்கம்மா.”

“வந்தா சரி,” என்று சட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். “எதுக்கும் கூப்பிட்டுப் பாரு.”

அன்றிரவு இவள் படத்தைப் பார்த்தபடி படுத்தாள். தெருவிளக்கின் வெளிச்சத்தில் தண்ணீர் கறுத்திருந்தது. துண்டு தெரிந்தது. முதல் படி, இரண்டாவது படி, கணுக்காலில் ஈரம்.

“பாப்பா, தூங்கிட்டியா?”

அம்மாவின் இரவுகளில் எப்போதும் உள்ள கேள்வி அது. இல்லை என்று சொன்னால், ஏன் தூங்கவில்லை என்று கேட்பாள். பதில் சொல்லாவிட்டால் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுவாள். தூங்கிவிட்டேன் என்று சொன்னால், “சரி, தூங்கு,” என்பாள். அதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. இருட்டில் வரிசையாகப் படுத்திருப்பவர்களுக்கு மூச்சு இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்தே பழகிய குரல். இப்போது அந்த வார்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு படுக்கை.

இவள் படிகளில் ஏறி வந்து பதில் சொன்னாள். மறுபடி இறங்கினாள். மறுபடி ஏறினாள். விடியும்போது கால்கள் வலித்தன.

வியாழக்கிழமை முதலாளி சொன்னபடியே வந்தார். படம் தன் பழைய இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. இவள் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்ததைப் பார்த்து, “வீட்டுச் சுவத்துல எப்படி இருந்துச்சு?” என்று ஆணியக்கா கேட்டாள். “அங்க வெளிச்சம் சரியில்லக்கா,” என்று இவள் மழுப்பினாள்.

முதலாளி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, சுவரைப் பார்த்துத் திறக்கும் அந்தச் சிறுமேசையின்மேல் வைத்தார். “எனக்குப் பகல்ல தூங்கிப் பழக்கமே இல்லம்மா. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் படுக்கறேன், உங்க திருப்திக்கு,” என்றார். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு மாதிரி அறையின் மெல்லிய சுவர் வழியாக ஒரு சத்தம் கிளம்பியது.

“மோட்டார் போட்டுட்டாரா?” என்றார் ஆசாரி.

“குறட்டைய்யா,” என்றாள் ஆணியக்கா. ஆணிகளை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, வாய் நிறையச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து இவள் பார்த்ததே இல்லை. உத்தரத்துப் புறாக்கள்கூடத் தலையைச் சாய்த்துக் கேட்பது போலிருந்தது.

மூவரும் வாசலில் இறக்கி வைத்திருந்த மரப்பெட்டிகளின்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள். டீ முடிந்தது. ஆசாரி ஒரு கதவுக்கு இழைப்பு வேலை முடித்தார். ஆணியக்கா தான் முதன்முதலில் விற்ற படத்தைப் பற்றி ஒரு நீளக் கதை சொன்னாள். அதைத் தலைகீழாக மாட்டிவிட்டாளாம், வாங்கியவர் அப்படியே பிடித்திருக்கிறது என்று விட்டுவிட்டாராம். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தபோது முதலாளி வேறு ஆளாக இருந்தார். முடி கலைந்து, முகம் உப்பி, எங்கிருந்தோ இறங்கி வந்த சின்னப் பையன் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

“சொல்லுங்க சார்,” என்றாள் ஆணியக்கா. “முதல்ல எது பட்டுச்சு?”

“அந்தத் துண்டு,” என்றார் முதலாளி. “யாரும்மா அதை அங்க வெச்சது?” பதில் எதிர்பார்க்காமல் அவரே சொன்னார். “எங்கப்பா இப்படித்தான் வெப்பாரு. மடிப்பு கலையாம.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கையிலிருந்த போன் உயிர் பெற்றுக் கத்தத் தொடங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக, குருவிக் கூட்டைக் கலைத்துவிட்டாற்போல, வந்து போன அழைப்புகளின் செய்திகள்.

“என்னய்யா இது? இத்தனை பேர் கூப்பிட்டிருக்காங்க, ஒண்ணுகூட எனக்கு வரலையே! உள்ள டவரே இல்லையா?”

“மேல வெள்ளித்தாள் பலகை போட்டதுலேருந்து இல்லைங்க,” என்றார் ஆசாரி. “உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா ஒரு கோடுகூட வராது. என் வீட்டுக்காரிகூட, எங்கய்யா போய் ஒளிஞ்சுக்கறேன்னு கேட்டா.”

“விளையாடறீங்களா? பேச முடியாத ரூமுக்கு எவன் வருவான்? எடுத்துட்டு வேற பலகை போடுங்க. எல்லா ரூமுக்கும் வேற பலகைதான்.” திரும்பி ஆணியக்காவைப் பார்த்தார். குரல் இறங்கியது. “படம் இதே இருக்கட்டும்மா. குதிரை வேணாம்.”

ஆணியக்கா இவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். இவள் குலுங்கினாள், அவ்வளவுதான். ஒரு கோடுகூட வராது. அந்த வார்த்தை காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படுக்கும்போதெல்லாம் போனைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தாள். ஆனால் அதன் திரையில் மேலே கோடுகள் இல்லாததை ஒரு நாளும் பார்க்கவில்லை. கண் பார்க்கவில்லை. காது பார்த்திருக்கிறது. இங்கே யாரும் உன்னைக் கூப்பிட முடியாது என்று அதற்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அந்த நிம்மதியில்தான் அது இத்தனை மாதம் கழித்துக் கண்ணை மூடியிருக்கிறது.

முதலாளியின் வண்டி போன பிறகு ஆணியக்காவிடம் சொல்லிவிட்டாள்.

“அக்கா, படம் இல்லக்கா. கூரை.”

“என்னடி கூரை?”

“நான் தூங்கினது படத்தால இல்ல. உள்ள போன் வராதுல்ல. அதான். நேத்து இதே படத்தை எதிர்ல மாட்டி விடிய விடிய முழிச்சுக்கிட்டிருந்தேன்.”

ஆணியக்காவின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. அவள் போய் அறைக்கதவைத் திறந்து, படத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள்.

“முழிச்சப்ப துண்டு பட்டுச்சுன்னியே, அது பொய்யா?”

“இல்லக்கா. அது நெஜம்.”

“யாரோ வருவாங்கன்னு தோணுச்சுன்னியே?”

“அதுவும் நெஜம்.”

“அப்ப என் படத்து மேல தப்பில்ல.” ஆணிகளை மறுபடி உதட்டில் செருகிக்கொண்டாள். அவற்றின் இடுக்கிலிருந்து கேட்டாள். “யாரு கூப்பிடுவாங்கன்னு இப்படிக் காதைத் தீட்டி வெச்சுக்கிட்டிருக்க?”

இவள் குனிந்து கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஆணியக்காவும் துருவவில்லை. “அவங்ககிட்டயே சொல்லிட வேண்டியதுதானே. என் தூக்கத்தைக் குடுன்னு. கூரையையா தூக்கிட்டுத் திரிவ?” என்று மட்டும் சொல்லிவிட்டு, படத்தின் கோணலை ஒரு விரலால் நேராக்கினாள். அது முன்பே நேராகத்தான் இருந்தது.

மறுநாள் வெள்ளிப் பலகைகளைக் கழற்றி வேறு பலகைகளைப் பொருத்தினார்கள். அன்று மத்தியானம், கேட்க யாருமில்லாமல், தானாகவே இவள் உள்ளே போய்ப் படுத்தாள். ஜன்னலில் அதே நாலு மணி. எதிரே அதே படிகள். தலையணைக்கு அடியில் போன், அதில் எல்லாக் கோடுகளும். அது ஒலிக்கவேயில்லை. அம்மா அந்நேரம் சுருண்டு தூங்கிக்கொண்டிருப்பாள் என்று இவளுக்குத் தெரியும். தெரிந்தும் காது மூடவில்லை. துண்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். யாரோ வருவார்கள் என்று இன்று தோன்றவில்லை. குளிக்கப் போனவர் துண்டுக்குத் தன்னைக் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றியது. தண்ணீர் அத்தனை பச்சையாக, அத்தனை பக்கத்தில் இருந்தது. காவல் இருக்கிறவள் எப்படி இறங்குவாள்?

எழுந்து வேலையைப் பார்க்கப் போனாள். சிறுமேசைகளின் புது வரைபடம் பட்டறைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இழுப்பறை எந்தப் பக்கம் திறக்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நெளிந்தன. இப்போதைக்குச் சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்தாள். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருக்க மாட்டாள். அனுப்பாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அம்மா எழுந்து முகம் கழுவிவிட்டாள். நெற்றியோரத்து முடியில் இன்னும் ஈரம் இருந்தது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்பக்கம் இழுத்துவிட்ட முடியைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியா? மூஞ்சி என்ன பாப்பா இப்படி இருக்கு? டபுள் டியூட்டி பாத்தவ மாதிரி.”

“தூக்கம் இல்லம்மா.”

“ஏன், நேத்து ராத்திரி தூங்கிட்டேன்னு சொன்னியே?”

“தூங்கிட்டேன்னு யாராவது தூக்கத்துல சொல்வாங்களாம்மா?”

அம்மாவின் விரல்கள் பின்னலில் நின்றன. பிறகு தொடர்ந்தன. “வார்டுல ஒரு பெரியவர் இருந்தாரு. எப்பக் கேட்டாலும் தூங்கிட்டேன் சிஸ்டர்னுதான் சொல்வாரு. நானும் சரி, தூங்குங்கன்னு வந்துருவேன்,” என்று சொல்லித் தானே சிரித்தாள். பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

இவள் போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பகலெல்லாம் அம்மா படுத்துக் கிடந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூட்டில் கையை வைத்தபோது அப்படியே சாய்ந்துவிடலாம் போலிருந்தது. சாயவில்லை. சாய்ந்தால் சொல்ல வந்தது போய்விடும். சொல்ல வேண்டியதைப் பேருந்தில் பலவிதமாக அடுக்கிப் பார்த்திருந்தாள். வேலையைப் பற்றி ஒன்று, டாக்டர் சொன்னதாகப் பொய்யாக ஒன்று, விளையாட்டுப் போல ஒன்று. இப்போது எதுவும் கைக்கு வரவில்லை.

“அம்மா.”

“சொல்லு.”

“உன் கட்டில் பக்கத்துல தண்ணி, மருந்து, எல்லாம் வெச்சுடறேன். சட்டத்தையும் கை எட்டற இடத்துலயே வெச்சுடறேன். கீழ் வீட்டு அத்தைகிட்ட சொல்லிட்டேன், நீ போன் போட்டா அவங்க உடனே வருவாங்க. சாவி குடுத்திருக்கேன்.”

“நீ எங்க போற?”

“எங்கயும் போகல. இங்கதான் இருப்பேன், பக்கத்து ரூம்லதான்.” போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “இன்னிக்கு ஒரே ஒரு ராத்திரி, என் கதவைச் சாத்திக்கிட்டு, போனையும் அணைச்சுட்டுப் படுத்துக்கட்டுமாம்மா?”